மலையேற்றத்தில் விக்கிய வண்டி

"மேடம், இன்னும் ஒரு சென்சார் வேணும்" என்றார் இருதயராஜ்.

மெஹருன்னிசா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இருக்கிறது போதாதா?"

"போதும்தான் மேடம்."

"அப்புறம் எதுக்கு?"

"போதலையே."

வயதில் இருதயராஜ்தான் மூத்தவர். கார்புரேட்டர் காலத்து ஆள். தலை நரைத்தபிறகு, எலக்ட்ரானிக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று பார்த்துவிடலாம் என்று மெஹருன்னிசாவின் ஆய்வுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தவர். தன்னைவிட இளைய பெண்ணைக் குருவாக ஏற்றதில் அவருக்கு வெட்கமே இல்லை. அவரை வெட்கப்பட வைத்தது அவர் செய்த பெட்டிதான்.

இஞ்சினையும் ஏசியையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் பெட்டி அது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

கொல்லிமலையில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். தேறிய பிறகு அவை வீடு திரும்புவது பஸ்ஸில், நெரிசலில், அம்மாவின் மடியில். அந்தக் குழந்தைகளுக்காக ஒரு வேன் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வேனுக்குத்தான் இந்தப் பெட்டி.

ஏற்றத்தில் ஏசி ஓடினால் இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். பெட்டி உடனே டீசலைக் கூட்டும். ஏசி நின்றால் குறைக்கும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏசி நின்று நின்று ஓடியது, வேன் விக்கி விக்கி ஏறியது.

போன சோதனையில் மலை ஆஸ்பத்திரி நர்ஸ் செல்லக்கிளி பாதி வழியில் இறங்கிவிட்டார். ரோட்டோரம் வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இதுல நான் குழந்தைய ஏத்த மாட்டேன். பஸ்ஸே தேவலை."

அவர் சரி என்று சொன்னால்தான் வேன் மலைக்குப் போகும். நாளை காலை கடைசி சோதனை. அதிலும் விக்கினால் வேனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பஸ்ஸே தேவலை என்ற பேச்சு இருதயராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

"சிஸ்டர் அப்படிச் சொன்னதும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"பெட்டிய இன்னும் கூர்மையாக்கினேன். முன்னெல்லாம் வண்டிக்குள்ள சூடு அரை டிகிரி மாறினாத்தான் முழிச்சுக்கும். இப்ப கால் டிகிரிக்கே முழிச்சுக்குது."

"விக்கல்?"

"கூடிருச்சு."

"அப்புறம்?"

"அரைக்கால் டிகிரிக்கு மாத்தினேன்."

மெஹருன்னிசா டீயைக் குடித்து முடித்தார்.

"வண்டிய எடுங்க சார்."

அடிவாரத்துக்குப் போகும் ரோடு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. இருதயராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மெஹருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இடது" என்றார்.

குரு சொல்லிவிட்டார். இருதயராஜ் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தார்.

"கூடிப்போச்சு. வலது."

ஒடித்தார்.

"இடது. அய்யோ, இவ்வளவு இல்ல. வலது. இன்னும் கொஞ்சம். போதும், இடது."

வேன் ரோட்டில் நெளிய ஆரம்பித்தது.

எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே தலையை நீட்டினார்.

"யோவ் பெருசு, காலையிலேயே ஏத்திட்டியா?"

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர் இருதயராஜ். காது சிவந்துவிட்டது.

"வலது" என்றார் மெஹருன்னிசா.

"மேடம்!"

"இடது."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்! வண்டி ரோட்டுலதானே போகுது!"

குருவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை.

மெஹருன்னிசா சும்மா இருந்தார்.

வேன் நேராகப் போனது.

கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினார். பிறகு இருதயராஜின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். தான் கத்தியது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"மேடம்..."

"குழந்தைங்களுக்கு எவ்வளவு மாறலாம்னு டாக்டர் சொன்னாரு?"

"ரெண்டு டிகிரி வரைக்கும் பரவாயில்லைன்னாரு."

"அப்ப இந்த அரைக்கால் யாரு கேட்டது?"

இருதயராஜ் யோசித்தார். யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, சிஸ்டர் கேட்கவே இல்லை.

"நான்தான்" என்றார்.

பின் சீட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு எண்ணை மாற்றினார். அரைக்கால் இருந்த இடத்தில் ஒன்றரை. இவ்வளவு தளர்த்துவதா என்று விரல் பயந்தது. கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினார்.

"சென்சார் ஒண்ணு கேட்டீங்களே?" என்றார் மெஹருன்னிசா.

"இருக்கிறதுல ஒண்ண கழட்டலாமான்னு பாக்குறேன் மேடம்."

மறுநாள் காலை செல்லக்கிளி ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் பிளாஸ்டிக் கவருமாக வந்து ஏறினார். தொட்டிலில் குழந்தைக்குப் பதிலாக ஒரு சின்ன அரிசிப் பை கிடந்தது. மெஹருன்னிசா முன் சீட்டில் அமர்ந்து வெளியே பார்த்தார்.

"பாதியில இறங்கினா கோவிச்சுக்கக் கூடாது சார்" என்றார் செல்லக்கிளி.

"கோவிச்சுக்க மாட்டேன் சிஸ்டர்."

வேன் ஏறியது.

முதல் கொண்டை ஊசி வளைவில் இருதயராஜ் ஹாரன் அடித்துத் திரும்பினார். இஞ்சின் ஒரே குரலில் பாடியது. அடுத்த வளைவிலும் அதே குரல். எப்போதாவது ஏசி ஓடத் தொடங்கும், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்துவது போல. இஞ்சின் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சிஸ்டர் கவரை எடுத்துவிட்டாரோ? வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாரோ?

ஒரு விக்கல்கூட இல்லாமல் மலை உச்சிக்கு வந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். ஜன்னலை இறக்கியதும் குளிர்ந்த காற்று வந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியேறியது. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

மெல்லத் திரும்பினார்.

செல்லக்கிளியின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஒரு கை அரிசிப் பையின் மேல் கிடந்தது. எலுமிச்சம்பழம் சீட்டுக்கு அடியில் உருண்டு போயிருந்தது.

"சிஸ்டர், வந்துட்டோம்."

அவர் திடுக்கிட்டு விழித்தார். வெளியே பார்த்தார். தன் ஆஸ்பத்திரி வாசலை அடையாளம் தெரியாமல் இன்னொரு முறை பார்த்தார்.

"எப்ப?" என்றார்.