தலைநகரில் பச்சையம்மா

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தேழு. ரயிலில் எதிர் இருக்கைக்காரருக்கு இது பெரிய குழப்பமாகிவிட்டது. பெரியவர் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் பிடித்து வருகிறார். அவள் சாப்பிடும்வரை தன் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. அவளை "அம்மா" என்கிறார். அவளோ அவரை "மேஸ்திரி" என்கிறாள்.

"மகளா?" என்று கேட்டார் எதிர் இருக்கைக்காரர்.

"குரு" என்றார் மேஸ்திரி.

அதற்குப் பிறகு அவர் நாக்பூர் வரை எதுவும் கேட்கவில்லை.

மேஸ்திரியின் பெயர் ஏகாம்பரம். ஓட்டேரிக்காரர். ஐம்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். குருவின் பெயர் தவமணி. அயனாவரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். உபதேசம் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பட்டாணி உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பாள். கிளம்பும்போது ஏதாவது ஒன்று சொல்வாள், சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள். இதற்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுப் படிக்கட்டு முழுக்கச் செருப்பாகக் கிடக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் போகும்வரை மேஸ்திரி மூலையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எனக்குப் பச்சையம்மா மூஞ்சி மறந்து போச்சு" என்றார்.

பச்சையம்மா அவர் மனைவி. இறந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவும் வெள்ளத்தில் பெட்டியோடு போய்விட்டது. பிள்ளைகள் இல்லாததால் யார் முகத்திலும் ஜாடை பார்க்க வழியில்லை.

"கனவுல வர்றா. புடவை தெரியுது, நடை தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல மட்டும் பூசின சுவரு மாதிரி வழவழன்னு கீது."

தவமணி பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"நாளைக்கு நானும் போய்ச் சேருவேன். அங்க அவ எதிர்ல வந்து நிப்பா. 'யாரும்மா நீ'ன்னு கேட்டுடுவேனோன்னு பயமா கீதும்மா. அவ தாங்க மாட்டா."

சொல்லிவிட்டு மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதருக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அது நிஜமான பயம். ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"எங்கயாவது படம் கிடம் இருக்குமா?" என்று கேட்டாள் தவமணி.

"தில்லியில ஒண்ணு கீது."

கல்யாணமான புதிதில், வேலை இல்லாத மழைக்காலத்தில், பச்சையம்மா ஓவியக் கல்லூரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். அங்கே படிக்கிற பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பார்த்து வரைவார்கள். அங்கிருந்த வாத்தியார் ஒருவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, பெரிதாக ஒரு படம் எழுதினார். மூன்று வாரம் அதே பழம். கடைசியில் அது காய்ந்து கொட்டைப்பாக்காகிவிட்டது என்று பச்சையம்மா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள். படத்தைத் தலைநகருக்குக் கொண்டுபோய் அங்கே கலைக்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். 'நீ இங்க கெட, நான் தில்லியில கீறேன்' என்று புருஷனைச் சீண்டுவாளாம்.

"அதைப் பாத்துட்டா மூஞ்சி திரும்பி வந்துடுமாம்மா?"

தவமணி உரித்த பட்டாணியை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள்.

"டிக்கெட் போடுங்க மேஸ்திரி. எனக்குக் கீழ் பெர்த்."

இரண்டு இரவு ரயிலில் போய் இறங்கினார்கள். ஊர் முழுக்கப் பனி. ஆட்டோவுக்கு முன்னால் நாலு அடிதான் சாலை இருந்தது, மிச்சத்தை ஓட்டுநர் தன் ஞாபகத்தில் ஓட்டினான். கலைக்கூடத்தின் வாசலில் இறங்கினால் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட காவலாளி கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். அன்று திங்கட்கிழமை. தலைநகரில் திங்கட்கிழமை அருங்காட்சியகம், கலைக்கூடம் எதுவும் திறக்காது என்று ஊரில் யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

மேஸ்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மரங்கள் இருந்தன, அதற்கப்பால் பனி இருந்தது. அதற்குள்ளே எங்கேயோ பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நல்லதாப் போச்சு. ஊரைச் சுத்திப் பாக்கலாம்" என்றாள் தவமணி.

"எனக்கு ஊரு வேணாம்மா."

"எனக்கு வேணும்."

குரு சொன்னால் சீடரால் என்ன செய்ய முடியும்? பின்னாலேயே நடந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு கட்டடம் வரும், பக்கத்தில் போவதற்குள் வேறொன்றாகிவிடும். ஒரு தெருவில் தனியார் ஓவியக் கூடம் ஒன்று திறந்திருந்தது. உள்ளே ஒரே வெள்ளை. சுவர் நிறைய படங்கள், எல்லாம் சாம்பல் நிற வானம். வெளியே இருந்த பனியே கொஞ்சம் உள்ளே வந்து சட்டத்துக்குள் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் இருவருக்கும் டீ கொடுத்தாள்.

தவமணி படம் படமாக நின்று பார்த்தாள். மேஸ்திரி படத்தைப் பார்க்கவில்லை, இரண்டு படங்களுக்கு நடுவே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல உள்வாங்கிக்கீது" என்றார்.

"என்னது?"

"சுவருதான். அரை விரக்கடை வரும்."

"அளக்காமலேவா சொல்றீங்க?"

"இதுக்கு எதுக்கும்மா அளவு?" என்று சலித்துக்கொண்டார் மேஸ்திரி. பச்சையம்மாவைப் பற்றித் தவிர வேறு எதைப் பேசவும் அன்று அவருக்குப் பொறுமை இல்லை.

சாயங்காலம் ஒரு திறந்தவெளி அரங்கில் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஸ்வெட்டரோடு ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, மத்தளம் இல்லை. ஒருத்தி மட்டும் வாயால் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள். பனிக்குள் கைகள் எழுந்து எழுந்து மறைந்தன. மேஸ்திரிக்குத் தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்பது தெரியவில்லை. எந்தப் பெண் திரும்பினாலும் அவர் அவள் முகத்தைத் தேடினார்.

"அம்மா, நாளைக்குத் திறப்பானா?"

"திறப்பான்."

"படத்தைக் கழட்டிட்டு இருந்தா?"

"அதுக்கு நாளைக்குக் கவலைப்படலாம். இப்ப இதைப் பாருங்க. அந்த மூணாவது பொண்ணு தப்புத் தப்பா ஆடுது, ஆனா அதுதான் சிரிச்சிக்கிட்டு ஆடுது."

மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவர் மேஸ்திரிதான். தவமணி அவசரப்படவில்லை. யானைமேல் போன ராஜாக்களை நின்று பார்த்தாள். உள்ளங்கை அளவுப் படத்தில் ஒரு முழுக் காடும், காட்டுக்குள் ஒரு மானும் இருந்தன, மானின் கண்ணில் வேடன் இருந்தான். அதைக் குனிந்து பார்த்தாள். குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டியிடம் கொஞ்ச நேரம் நின்றாள். அறைக்கு அறை வெளிச்சம் மங்கிக்கொண்டே போயிற்று. காலடிச் சத்தம் முன்னால் போய்விட்டு, இவர்கள் போன பிறகு திரும்பி வந்தது. மேஸ்திரி ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று அவளுக்காகக் காத்திருந்தார். காத்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மேல்மாடியில் கடைசி அறை. யாரும் இல்லை. மூலையில் காவல் இருந்த ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம்.

நீலச் சுவர், நாற்காலி, ஒரு பெண். அவள் மடியில் வைத்த கையில் மஞ்சளாக ஒரு எலுமிச்சம்பழம்.

"இதாம்மா! இதான்!" என்று மேஸ்திரி கிட்டத்தட்ட ஓடினார். காவல்காரப் பெண் "ஏய்" என்று எழுந்தாள். அவர் நின்றார்.

தவமணி பக்கத்தில் வந்து நின்றாள். கீழே ஒட்டியிருந்த அட்டையில் எழுதியவர் பெயர் இருந்தது, வருஷம் இருந்தது. உட்கார்ந்திருந்தவள் பெயர் இல்லை.

மேஸ்திரி மெல்ல அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தார். சத்தமாகவே அழுதார்.

"இது அவ இல்லம்மா."

"எலுமிச்சம்பழம் இருக்கே?"

"பழம் கீது. நாற்காலி கீது. மூஞ்சி வேற யாருதோ. வாத்தியாரு கோயில் செலை மூஞ்சி எடுத்து வெச்சுட்டாரு. ரெண்டு ராத்திரி ரயில்ல வந்து வேற எவளையோ பாத்துக்கினு கீறேன்."

அந்தப் படத்தில் இருந்தவள் அழகிதான். காதுவரை நீண்ட கண், வில் மாதிரி புருவம், எள்ளுப்பூ நாசி. அவள் மேஸ்திரியைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

"எங்க தப்பு?" என்று கேட்டாள் தவமணி.

"எல்லாமே தப்பு."

"அப்படி மொட்டையாச் சொன்னா எப்படி மேஸ்திரி? உங்ககிட்ட வேலை செய்யற ஆளு கோணலாப் பூசிட்டா, எல்லாம் தப்புன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவீங்களா?"

மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார். படத்தை நிமிர்ந்து பார்த்தார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார்.

"நெத்தி இம்மாம் அகலம் கெடையாது. மூணு வெரலு வெச்சா முடி வந்துடும்."

"சரி."

"புருவம் இப்படி ஒரே கோடா இருக்காது. எடது புருவம் நடுவுல வெட்டியிருக்கும். சித்தாளா வந்தப்போ சாரக்கம்பு சரிஞ்சு பட்டது. எனக்குத்தான் உசிரே போச்சு, அவ மண்ணைத் தட்டிக்கினு எழுந்துட்டா."

"ம்."

"கண்ணு சின்னது. சிரிச்சா மூடிக்கும். கோவம் வந்தா எடது கண்ணு மட்டும் இத்துனூண்டு சுருங்கும், அதைப் பாத்துட்டா நான் வூட்டை வுட்டு வெளிய போயிடுவேன்." அவர் எழுந்து நின்றார். "மூக்கு இன்னா மூக்கு இது? அவளுக்குக் கொஞ்சம் சப்பைதான். நுனியில வேர்வை நிக்கும், மார்கழியிலகூட நிக்கும். கன்னத்துல இங்க, வலப்பக்கம், அம்மைத் தழும்பு ரெண்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு கடுகாட்டம்."

அவர் கை காற்றில் எழுந்தது. ஐம்பது வருஷம் பூச்சுக் கரணை பிடித்த கை. காற்றிலேயே ஒரு இடத்தில் வழித்து, ஒரு இடத்தில் சேர்த்து அப்பி, கட்டை விரலால் மெல்ல ஓரம் எடுத்தது.

"தாடை இப்படி இறங்காது. இங்க கொஞ்சம் சேரணும், உருண்டையா. காதுத் துளை கிழிஞ்சிருக்கும், தோட்டை நூல் போட்டுக் கட்டியிருப்பா. மேல்பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல ஏறிக் குந்திக்கீதும்மா. அதுக்காகக் கைய வெச்சுத்தான் சிரிப்பா. நான் கைய இழுத்துவுடுவேன். 'சீ போய்யா'ம்பா. அப்பக்கூட வாய் ஓரம் துடிக்கும், இந்த ஓரம், சிரிப்பை அடக்கிக்கினு..."

காவல்காரப் பெண் பின்னுவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு மேஸ்திரியின் கை போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

மேஸ்திரி எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது படம். அவர் கண்கள் மூடியிருந்தன. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, போகாமல் நின்றது. கை இன்னும் காற்றில் மெல்ல ஒரு கன்னத்தை வழித்துக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணைத் திறந்தார். அறை நினைவுக்கு வந்தது. திரும்பிப் படத்தைப் பார்த்தார். முகம் மறுபடி வாடிவிட்டது.

"ஒண்ணுகூட சேரலைம்மா" என்றார். "இங்கயும் இல்ல. இனிமே அவ மூஞ்சியை நான் எங்கன்னு போய்ப் பாக்கறது?"

தவமணி அவர் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இவ்வளவு நேரம் யாரைப் பாத்துச் சொன்னீங்க, மேஸ்திரி?"