மிதந்த செங்கல்

நண்டும் தவளையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மணலில் ஒரு கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குச் செங்கல் சுட்டவர் சடையன். கட்டியவர் பெரிய கொத்தனார் அம்பலவாணர்.

இருவருக்கும் ஆகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சடையன் பிசைந்த களிமண்ணில் கொஞ்சம் உமி தவறி விழுந்துவிட்டது. சூளையில் உமி எரிந்துபோனது. கல் முழுக்கப் பொத்தல். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். அப்போதுதான் அம்பலவாணர் ஏற்பார். அன்று 'டொக்' என்றது.

"கறையான் தின்ன கல்லு" என்று நாலு பேர் சிரிக்கச் சொல்லி, வண்டியோடு திருப்பி அனுப்பினார். அந்தச் சொல்லைச் சடையன் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

கோபுரத்தில் ஐந்து நிலை முடிந்து, இரண்டு நிலை பாக்கி. ஒரு காலையில், அஸ்திவாரத்துக்கு அடியில் குடியிருந்த நண்டு சடையனிடம் வந்தது.

"சூளைக்காரரே, போன மாசம் வரைக்கும் என் வாசல்ல நிமிர்ந்து நடந்தேன். இப்போ தவழ்ந்துதான் வெளியே வாரேன். மணல் இறங்குது. இதே கனத்துல இன்னொரு நிலை ஏறினா கோபுரம் சாஞ்சிரும்."

சடையன் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். மேலே சாரத்தில் நின்று சாந்துச் சட்டி வாங்குகிறவள் அவர் மகள் பேராச்சி.

"கீழ இறங்கும்மா" என்று கூப்பிட்டார்.

"நண்டு சொல்லிச்சுன்னு இறங்கினா சாரமே சிரிக்கும்ப்பா. போங்க."

வேறு வழியில்லாமல் அம்பலவாணரிடம் போய் நண்டு சொன்னதைச் சொன்னார்.

"என்னவே சடையன்," என்றார் கொத்தனார், "கல்லு சுடத் தெரியாத ஆளு கோபுரம் கட்டச் சொல்லித் தாரீரா? நண்டுக்கு வீடு இடிச்சா வேற வளை தோண்டச் சொல்லும்."

சடையன் சூளைக்குத் திரும்பினார். மூன்று கூடைக் களிமண்ணுக்கு ஒரு கூடை உமியைக் கொட்டினார். அன்று தெரியாமல் விழுந்த உமி, இன்று தெரிந்தே விழுந்தது. பொத்தல் கல்லில் கனம் குறையும். ஆனால் உமி கூடிப்போனால் கல் உதிரும். உதிராவிட்டாலும் கொத்தனார் தட்டிப் பார்ப்பார், 'டொக்' என்னும், அக்கரைச் சூளையிலிருந்து கனத்த கல் வந்து ஏறிவிடும்.

ஏழு நாள் சூளை எரிந்தது. நண்டு தினமும் வந்து, "இன்னும் ஒரு நூல் இறங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனது. சடையனுக்குச் சோறு இறங்கவில்லை. சாரத்தில் மகளின் மஞ்சள் சேலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டாம் நாள் கல் வந்தது. அம்பலவாணர் இரண்டை எடுத்து மோதினார். டொக்.

"பழைய கறையான் இன்னும் உம்ம சூளையிலதான் குடியிருக்கா?"

சொல்லிக்கொண்டே ஒரு கல்லைப் பக்கத்தில் இருந்த குளத்தில் எறிந்தார். கல் முங்கியது. பிறகு மேலே வந்தது. வந்த கல் அப்படியே மிதந்தது. ஒரு தவளை அதன்மேல் தாவி உட்கார்ந்து, "தாங்குது" என்றது.

அம்பலவாணர் இன்னொரு கல்லைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றார். உடையவில்லை. பிறகு மெல்லத் திரும்பி கோபுர வாசல் படியைப் பார்த்தார். மூன்று படியில் ஒரு படி மணலுக்குள் போயிருந்தது. அவரும் அதைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், முகத்திலேயே தெரிந்தது.

"ஏத்துங்க" என்றார்.

சடையன் வண்டியை மறித்து நின்றார். "அன்னைக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும். அப்புறம் ஏத்தலாம்."

கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே சாரக் கம்பு ஒன்று 'கிறீச்'சென்றது. பேராச்சி குனிந்து பார்த்தாள். சடையன் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முதல் கல்லைத் தானே தூக்கிக் கொடுத்தார்.

இரண்டு நிலையும் ஏறின. கோபுரம் அதற்குமேல் இறங்கவில்லை. அம்பலவாணர் சொன்ன சொல்லைச் சாகும்வரை திரும்ப வாங்கவில்லை; சடையனும் அவரோடு பேசவில்லை. ஆனால் மேல்நிலைக் கல்லைக் கொத்தனார் அதற்குப் பிறகு தட்டிப் பார்த்ததே இல்லை. தண்ணீரில் போட்டுத்தான் பார்த்தார்.

அன்று முதல்தான் கோபுர உச்சிக்கு மிதக்கிற கல்லும், அடிச்சுவருக்கு முங்குகிற கல்லும் என்று ஆயிற்று. நண்டு மட்டும் எதையும் நம்பவில்லை. இன்றைக்கும் முதுகைத் தட்டையாக வைத்துக்கொண்டு தவழ்ந்துதான் வளையை விட்டு வெளியே வருகிறது.