தடிக்குப் பழகிய கை

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே ஒரு மணல்தீவு. அதில் உலகம்மையின் மடம் இருந்தது. கரைக்கும் தீவுக்கும் போய்வர ஒரே ஒரு பாய்மரப் படகு. அதை ஓட்டியவர் சிவனணைந்தான்.

ஒரு காலத்தில் பெரிய தோணிகளை நடத்தியவர் அவர். குரு உலகம்மையைவிட இருபது வயது மூத்த சீடர். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

படகின் சுக்கானில் நீளமாக ஒரு தடி இருந்தது. அதைத் தள்ளியும் இழுத்தும்தான் படகைத் திருப்ப வேண்டும். காற்று பலமானால் தடி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அந்த வருடம் சிவனணைந்தானின் தோள்பட்டை ஒரேயடியாக விட்டுப்போனது. சட்டை மாட்டவே இன்னொருவர் உதவி வேண்டியிருந்தது.

படகை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. அது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் சேர்ந்து பட்டறைக்காரர் கபிரியேலைக் கூட்டி வந்தார்கள். அவர் தடியைக் கழற்றினார். பழைய லாரி ஸ்டியரிங் ஒன்றைப் படகில் பொருத்தி, பலகைக்கு அடியில் சுக்கான் வரைக்கும் கம்பிவடம் ஓட்டினார்.

“இனிமே தோளுக்கு வேலையே இல்ல. விரலாலேயே திருப்பலாம். ஒண்ணே ஒண்ணு, எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்புங்க” என்றார் கபிரியேல்.

“இது பெரிய வித்தையாக்கும்!” என்று சிரித்தார் சிவனணைந்தான்.

பெரிய வித்தையாகத்தான் இருந்தது. தடியில் எல்லாமே தலைகீழ். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் தள்ள வேண்டும். எதில் மோதக் கூடாதோ அதைப் பார்த்தே தள்ள வேண்டும், படகு விலகிப் போகும். நாற்பது வருடம் அப்படித் தள்ளிய கை அது.

அந்த வாரமே ஒரு நாள், படகு நிறைய ஆள். வலப்பக்கம் மணல்திட்டு ஒன்று தெரிந்தது. இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கை வலப்பக்கம் திருப்பியது. படகு நேராகப் போய்த் திட்டில் ஏறியது. ஓர் அரிசி மூட்டை தண்ணீரில் விழுந்தது. ஒரு பெண்ணுக்கு நெற்றி புடைத்துவிட்டது.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை போலிருந்தது.

சாயங்காலம் துணிப்பையைக் கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

“போயிட்டு வாரேம்மா.”

“எங்க?”

“மக வீட்டுக்கு. வரமாட்டேன்.”

“படகு?”

“யாராவது இளவட்டம் ஓட்டட்டும்.”

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கபிரியேல்கிட்டச் சொல்லி வடத்த மாத்திக் கட்டலாமே அண்ணாச்சி. வலது பக்கம் திருப்பினா படகு இடது பக்கம் போற மாதிரி. உங்க கைக்குத் தோதா இருக்கும்.”

“அவனே கேட்டான். வேண்டாம்னுட்டேன். எனக்கு அடுத்து பிடிக்கிறவன் போய் மோதுவானே?”

“அது சரி. இதுக்காகவா கிளம்புறீங்க?”

சிவனணைந்தான் துணிப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

“மனசத் திருத்தணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். எனக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் கை தப்பாப் போவுது. சொந்தக் கையவே திருத்த முடியாதவன் மனச எங்கம்மா திருத்தப் போறேன்?”

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“மக வீட்டுக்குப் போறதுன்னாலும் கரைக்குப் போகணும்லா. வாங்க, நானும் வாரேன்.”

“யாரு ஓட்டுறது?”

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

சிவனணைந்தான் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பரீட்சை எழுதும் பையனைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பாதித் தூரம் ஒழுங்காகவே போனது. திடீரென்று இடப்பக்கம், வலை கட்டிய கம்பு ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கை இடப்பக்கம் பாய்ந்தது. பதறிப்போய்த் திருப்பி இழுத்தார். படகு ஒரு ஆட்டம் ஆடி, கம்பை உரசிக்கொண்டு விலகியது.

“சனியனே!” என்று வலது கையை இடது கையால் ஓங்கி அடித்தார்.

உலகம்மை எழுந்து வந்து அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காதீங்க அண்ணாச்சி.”

“பின்ன, கொஞ்சவா சொல்லுதீங்க?”

“நான் வயித்து வலியில துடிச்சப்ப, இந்த வழியாத்தான ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க. ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? பேய்க் காத்து அன்னைக்கு.”

“ஆத்துல வெள்ளம். ஒரு பனைமரம் வேரோட அடிச்சுக்கிட்டு வந்துச்சு.”

“ஆமா. மயிரிழையில தப்பிச்சோம்.”

“எந்தப் பக்கம் தள்ளணும்னு யோசிச்சீங்களா?”

“யோசிக்க எங்கம்மா நேரம்? கை தள்ளிருச்சு. அதுக்குப் பெறகுதான் மரத்தையே சரியாப் பாத்தேன்.”

“நான் படகுக்குள்ள மல்லாக்கக் கிடந்தேன். எனக்குக் கடலும் தெரியல, மரமும் தெரியல. இந்தக் கை ஒண்ணுதான் தெரிஞ்சுது.”

சொல்லிவிட்டு அந்தக் கையைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

சிவனணைந்தான் ஆடிப்போனார். “அம்மா! என்ன காரியம் செய்யுதீங்க? நீங்க குரு!”

கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். குரு விடவில்லை. சிவனணைந்தானுக்கு அழுகை வந்தது. துடைக்க ஒரு கை இல்லை, இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வயதை மறந்து, அப்படியே அழுதுகொண்டு ஓட்டினார். காற்றில் பாய் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கரை பக்கத்தில் வந்துவிட்டது. குரு கையை விட்டார். சிவனணைந்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயை மறுபக்கம் மாற்றிக் கட்டினார். படகைத் தீவைப் பார்த்துத் திருப்பினார்.

வெகுநேரம் கழித்துச் சிவனணைந்தான் கேட்டார்.

“இருந்தாலும் அம்மா, நாளைக்கும் சனங்க ஏறுவாங்க. இந்தக் கை பழச எப்பதான் மறக்கும்?”

“அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப மறக்கட்டும்” என்றார் உலகம்மை. “அதுவரைக்கும் நானும் தினம் உங்ககூட வாரேன். மணல்ல ஏத்தினா, நான் இறங்கித் தள்ளுதேன்.”