தொலைத்தவர் கண்ணுக்கு மை

முன்னொரு காலத்திலே, மலைக்கும் கடலுக்கும் நடுவிலே மருதங்காவு என்று ஒரு ராஜ்யம். அந்த ராஜாவுக்கு ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாது. சீப்பு காணோம், செருப்பு காணோம், மோதிரம் காணோம்! காணோம் என்றால் தேட வேண்டியதுதானே? அதுதான் கிடையாது! மந்திரவாதி சடையனைக் கூப்பிடுவார். அவன் மைச்சிமிழோடு வந்து, ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே விரலால் எல்லார் கண்ணிலும் மை தீட்டுவான். மாய மை அல்லவா? யாராவது ஒரு பிள்ளைக்குப் பொருள் கிடக்கும் இடம் தெரிந்துவிடும்.

சீப்புக்காகத் தீட்டினான், பிள்ளைகள் கண் சிவந்தது. செருப்புக்காகத் தீட்டினான், கண் வீங்கிச் சீழ் வைத்தது. நெசவு செய்யும் வேலம்மையின் மகள் பூவாத்தாளுக்கோ கருவிழியிலேயே வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் துடித்துப் போவாள்.

ஊர் சும்மா இருக்குமா? "தாய்ப்பால் பீச்சி விடு" என்றாள் ஒருத்தி. "விளக்கெண்ணெய் விடு" என்றாள் இன்னொருத்தி. "திருஷ்டிதான்டி, மிளகாய் சுத்திப் போடு" என்றாள் மூன்றாமவள்.

"அட, எல்லாரும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் போறீங்களா!" என்று கத்தியே விட்டாள் வேலம்மை. மகளைத் தூக்கிக்கொண்டு கண் வைத்தியரிடம் ஓடினாள்.

வைத்தியர் பார்த்தார், அவர் முகம் மாறியது. "சாதாரணக் கண்வலி இல்லை தாயி. மருந்து தரேன், விடாம ஊத்து. ஆனா அந்த மைக்குள்ளே ஒரு பூதம் இருக்கு. பிள்ளைங்க பார்வையைத் தின்னுட்டுத்தான் அது பொருளைக் காட்டுது. இன்னொரு தடவை மை பட்டா இவ கண்ணு போயிடும்."

"பூதத்தை ஒழிக்க வழியே இல்லையா?"

"பொருளைத் தொலைச்சவர் தன் கண்ணுல தீட்டிக்கணும். நடக்கிற காரியமா அது?"

நாலு நாள் மருந்து விட்டதில் மகள் லேசாகக் கண் திறந்தாள். அதற்குள் டம் டம் டம்! மோதிரம் காணோமாம். சேவகர்கள் பிள்ளைகளைச் சபைக்கு இழுத்துப் போனார்கள். வேலம்மையும் மகளின் கண்ணைக் கையால் பொத்தியபடி கூடவே போனாள்.

சடையன் விரலை நீட்டினான். வேலம்மை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மோதிரம் யாருது மகாராஜா?"

"என்னுது."

"தொலைச்சது யாரு?"

"நான்தான்."

"அப்போ மை யார் கண்ணுல போடணும்?"

"ஐயையோ! என் கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று அலறினார் ராஜா.

அவ்வளவுதான், வேலம்மையின் பொறுமை போயே போயிற்று. சடையனை அப்படியே இழுத்துப் போய், அவன் விரலாலேயே ராஜா கண்ணில் மையை அப்பிவிட்டாள்.

சிமிழ் வெடித்தது! பூதம் வெளியே விழுந்து, ஓலமிட்டுப் புகையாய்ப் போனது. சடையன் எடுத்தான் ஓட்டம். மாயம் விலகவே, வைத்தியர் மருந்தும் சேர, பூவாத்தாளின் வெள்ளைப் புள்ளி மெல்லக் கரைந்தது. மற்ற பிள்ளைகளின் வீக்கமும் வடிந்தது.

ராஜாவோ கண்ணைப் பொத்திக்கொண்டு உருண்டார். "இப்படியா எரியும்? இத்தனை நாளா ஏன் ஒருத்தரும் என்கிட்டே சொல்லலே?"

"பிள்ளைங்க சொன்னாங்களே மகாராஜா! ஒவ்வொரு தடவையும் உங்க முன்னாடி நின்னுதானே அழுதாங்க!" என்றாள் வேலம்மை.

ராஜா தட்டுத் தடுமாறி எழுந்தார். வைத்தியர் வீட்டு வாசலுக்குப் போய், பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.