கருகிய அரிசியின் வயது

“இதையா எரிக்கச் சொல்லுதீங்க?”

மாசானமுத்து சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் பஞ்சு. பஞ்சின் மேல் கருகிய அரிசி ஒன்று.

“நான் எரிக்கலை, அண்ணாச்சி. ஆய்வகத்துல எரிப்பாங்க. எரிச்சாத்தான் அதோட வயசு தெரியும்,” என்றார் ஜைனப்.

ஜைனப் அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் பழைய விதைகளை ஆராய்கிறவர். வயது முப்பத்து நான்கு. மாசானமுத்துவுக்கு அறுபது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுமாதம், தன் ஊர் மேட்டில் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, “எனக்கும் கத்துக்கொடுங்க” என்று நின்றவர்.

கற்றுக்கொண்டார். அடிமண்ணை வாளித் தண்ணீரில் கரைத்தால் மண் கீழே தங்கும், கரியும் கருகிய விதையும் மேலே மிதக்கும். மிதப்பதை வடித்து, நிழலில் உலர்த்தி, லென்சுக்கு அடியில் பார்க்க வேண்டும்.

மூன்று மாதமும் வரகு, சாமை, கொள்ளு. இவைதான் வந்தன.

அரிசி ஒன்றே ஒன்று. அதைக் கண்டவர் மாசானமுத்து.

அந்தக் கரிசல் பக்கத்துக்காரர்களை நெல் விளையும் ஆற்றங்கரையில் வரகுதின்னிகள் என்பார்கள். மாசானமுத்துவின் மனைவி ஆற்றங்கரை. கல்யாணமான நாளிலிருந்து, “எங்க ஊர்க்காரங்க வந்து உங்களுக்குச் சோறு காட்டினாங்க” என்று சொல்லித்தான் பரிமாறுகிறார்.

ஆகவே மாசானமுத்து, குழி பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் குப்பியைக் காட்டினார்.

“மூவாயிரம் வருசத்து அரிசி. நம்ம மண்ணுல விளைஞ்சது.”

ஒரு அம்மாள் குப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போன குப்பியை, அன்றிலிருந்து மாசானமுத்து ஜைனபின் மேசைக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

“பாதியை அனுப்பலாமே?” என்று கேட்டார் இப்போது.

“பாதி பத்தாது.”

“இன்னொண்ணு கிடைக்கட்டும். அதை அனுப்பலாம்.”

“அந்தக் குழி மண்ணு முழுசும் கரைச்சாச்சு, அண்ணாச்சி. நீங்கதானே கரைச்சீங்க.”

“எரிச்ச பெறவு என்ன மிஞ்சும்?”

“ஒரு நம்பர்.”

“நம்பரை யாரும் கண்ணுல ஒத்த மாட்டாங்க, மேடம்.”

“மாட்டாங்க.”

ஜைனப் மறுப்பார் என்று மாசானமுத்து எதிர்பார்த்திருந்தார். ஒத்துக்கொண்டுவிட்டார்.

“அடிக்குழியில கிடைச்சது. பெறவு எதுக்குச் சந்தேகம்?”

“அந்தக் குழியில எலி வளை ஒண்ணு இருந்துச்சு.”

“எலியா அரிசியைக் கருக்கும்?”

“கருக்காது. மேல கிடந்ததைக் கீழ இழுத்துட்டுப் போகும்.”

“வளை எந்தக் காலத்தது?”

“தெரியாது.”

“அப்பம் எலி இழுக்கலைன்னும் சொல்லலாம்ல?”

“சொல்லலாம்.”

மாசானமுத்து மோவாயைத் தடவினார். ஏறிய பஸ் சரிதானா என்று நடுவழியில் சந்தேகம் வந்தவரைப் போல விழித்தார்.

“எனக்குப் பார்த்தாலே தெரியும், மேடம். பெத்த பிள்ளையை ஆயிரம் பேருக்கு நடுவுல விட்டாலும் தெரியாதா?”

ஜைனப் அலமாரியைத் திறந்து ஐந்து குப்பிகளை எடுத்து வைத்தார். அதே குப்பி, அதே பஞ்சு. ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஓர் அரிசி.

“ஆயிரம் வேண்டாம். ஆறு பேருக்கு நடுவுல விடுங்க.”

“கலந்துட்டா?”

“உங்க குப்பிக்கு அடியில நீங்களே ஒரு அடையாளம் ஒட்டுங்க.”

அவர் ஒரு துண்டுத் தாளில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி ஒட்டினார். காய்கிறதா என்று இரண்டு தரம் ஊதிப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பி நின்றார்.

குப்பிகள் மேசையில் நகரும் சத்தம் கேட்டது.

“பாருங்க.”

மாசானமுத்து லென்சுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தார். முதல் குப்பி. இல்லை. இரண்டாவது. இல்லை. நான்காவதை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இதான். ஒரு பக்கம் குழி, நடுவுல ஒரு வெடிப்பு. பழசுக்கு ஒரு களை உண்டு, மேடம். இதைப் பார்த்தாலே அந்தக் காலத்துல விதைச்ச மனுசங்க தெரியுதாங்க.”

ஜைனப் குப்பியைத் தலைகீழாக்கினார்.

அடியில் தாள் இல்லை.

“இதுல எந்த மனுசங்க தெரிஞ்சாங்க, அண்ணாச்சி?”

“இது... எந்தக் குழி?”

“நம்ம சமையல் கூடாரம். ரேஷன் அரிசி. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக நேத்து தகர டப்பாவுல மணல் போட்டு நான் கருக்கினது.”

“இன்னொரு தரம் பார்க்கேன்.”

“பாருங்க.”

வெகுநேரம் பார்த்தார். முதலாவதை எடுத்தார். அதன் அடியிலும் தாள் இல்லை.

பொறுக்க முடியாமல் மற்ற நான்கையும் தானே கவிழ்த்தார். கடைசிக் குப்பியில் அவருடைய ‘மா’ இருந்தது.

ஆவலோடு அதை லென்சுக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் ரேஷன் அரிசியை வைத்தார். இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார்.

ஒரு பக்கம் குழி. நடுவில் வெடிப்பு.

குப்பியைத் திருப்பித் தாளை விரலால் தடவினார். தான் ஒட்டிய தாள். தன் கையெழுத்து.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“இதுவும் ரேஷன் அரிசியா இருக்குமோ?”

ஜைனப் ஆய்வக முகவரி எழுதிய உறையை அவர் பக்கம் நகர்த்தினார்.

மாசானமுத்து உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ குழி பார்க்க வந்திருந்தார்கள். அண்ணாச்சி எங்கே, அரிசி காட்டுவாரே என்று விசாரிக்கும் குரல் கேட்டது.

குப்பியை உறைக்குள் போட்டார். உடனே எடுத்தார். ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்தார். போட்டார்.

“பதில் வர எத்தனை நாளாகும்?”

“ஆறு வாரம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் வாறவங்ககிட்ட என்ன சொல்ல?”

ஜைனப் உறையின் வாயை ஒட்டினார்.

“கறுப்பா ஒரு அரிசி கிடைச்சுதுன்னு சொல்லுங்க.”