தலையில் நாலு போட்ட பா

கோணப்பட்டியில் யாருக்காவது சந்தேகம் வந்தால், "எதையும் நாலு பேரைக் கேட்டுச் செய்" என்பார்கள். அந்த நாலு பேர் தாங்கள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள் ஏகாம்பரமும் அவர் தம்பிகள் மூவரும். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்ததால் ஊரும் மறுத்துச் சொல்லவில்லை.

இந்த நாலு பேருக்கும் ஒரே தங்கை, சம்பூர்ணம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தெலுங்கு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண். அம்மாவிடம் தமிழும் பாட்டியிடம் தெலுங்குமாக அது ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் ஏய்த்துக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்துக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள் என்ற ஒன்றை நம்பி, நாலு வருஷமாக ஒரு பட்டு வேட்டியைக் கட்டாமலே மடித்து வைத்திருந்தார். சாயங்காலம் வேலை இல்லாதபோது பூசணிக்காயை மடியில் வைத்து ஆடாமல் உட்காரப் பழகுவார். பூசணிக்காய் ஒருநாளும் அழுததில்லை.

அப்போதுதான் சம்பூர்ணத்தின் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சின்னக்கண்ணு படித்தான். அவன் மூன்றாமவன்.

"அண்ணா, வருகிற வெள்ளிக்கிழமை பானுவுக்குக் காது குத்து. என் மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். பேத்தி பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் மடியில் உட்கார வைக்க மாட்டாராம். மூன்று தடவை பார்ப்பாராம். பேர் சரியாக வாயில் வராவிட்டால், ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் இங்கேயே மடியோடு தயாராக இருக்கிறார். பானுவில் வருவது நம் பானையில் வரும் பா இல்லை அண்ணா. பா⁴. தலையில் 4 போட்டிருக்கிறேன், பார். அடிவயிற்றிலிருந்து மூச்சை விட்டுச் சொன்னால் தானாக வந்துவிடும்."

ஏகாம்பரம் வேட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தலையில நாலுன்னா என்னடா அர்த்தம்?"

"நாலு தடவை சொல்லணும்ணே" என்றான் இரண்டாமவன் முனிரத்தினம். "மருந்துச் சீட்டுல போடுற மாதிரி."

"சரி. மூச்சை விட்டுச் சொல்றது?"

சின்னக்கண்ணு அந்த வரியை மறுபடி எழுத்துக் கூட்டிப் பார்த்தான்.

"மூச்சை விட்டா செத்துருவோம்" என்றான் சின்னக்கண்ணு.

"செத்தப்புறம் எப்படிடா பேர் சொல்றது?"

"அதான் தெலுங்கு கஷ்டம்னு அப்பவே சொன்னாங்க."

"அடி வயிற்றிலிருந்துன்னு இருக்கே?"

கடைசித் தம்பி தசரதன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவன். "அது ஒண்ணுதான் எனக்குப் புரியுது. அடின்னு சொல்லிருக்கு. அடிச்சா வயித்துலேர்ந்து வரும்."

"பெரியவனை அடிக்கிறதா? அதைக் கடைசிக்கு வெச்சுக்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் மலை ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். பட்டு வேட்டியில் ஏகாம்பரம் பாயில் உட்கார்ந்தார். எதிரே குழந்தை. பக்கத்தில் மாமியார். சற்றுத் தள்ளி, ஒன்றுவிட்ட மாமன் தன் மடியைத் துண்டால் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "பா பா பா பானு!"

குழந்தை திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தது. "மிச்ச மூணு பேர் எங்க?" என்று தமிழில் கேட்டது.

"காது!" என்றார் மாமியார்.

தெலுங்கில் 'காது' என்றால் 'அது இல்லை' என்று அர்த்தம். இது நமக்குத் தெரியும். நாலு பேருக்கும் தெரியாது.

"காதுன்னு சொல்றாங்கண்ணே."

"காது குத்துக்கு வந்தா காதைப் பத்திதான்டா பேசுவாங்க. அழுக்கு இருக்கா பாரு."

முனிரத்தினம் அண்ணன் காதுக்குள் எட்டிப் பார்த்து, துண்டின் முனையால் துடைத்துவிட்டான். இனி இரண்டாவது தடவை என்று மாமியார் இரண்டாவது விரலை நீட்டினார்.

மூச்சை விடும் முறைக்கு ஏகாம்பரம் ஊரிலேயே தயாராகி வந்திருந்தார். பாயில் மல்லாந்து படுத்தார். கால் கட்டை விரல்களை முனிரத்தினம் சேர்த்துக் கட்டினான். நெற்றியில் சின்னக்கண்ணு ஒரு காசை வைத்தான். சபை திகைத்துப்போய் நின்றது. சம்பூர்ணம் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, கண்ணைத் திறக்காமல், "பானு" என்றது பிணம்.

வாசலில் இருந்த மேளக்காரர் குழம்பிப்போய் வேறு ஒரு மேளத்தைத் தொடங்கிவிட்டார்.

"காது! காது!" என்று கத்தினார் மாமியார்.

"இப்ப ரெண்டு காதும்" என்றான் முனிரத்தினம்.

மூன்றாவது விரல் நீண்டது. ஒன்றுவிட்ட மாமன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். ஏகாம்பரம் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். காலியாக இருந்த தன் மடியைப் பார்த்தார். பிறகு கடைசித் தம்பியைப் பார்த்தார்.

"தசரதா. கடைசிக்கு வெச்சிருந்தோமே, அதை எடு."

"வலிக்கும்ணே."

"பூசணிக்காயோட நாலு வருஷம் உக்காந்திருக்கேன்டா. அடி!"

தசரதன் அடித்தான். நெல் மூட்டை தூக்குகிற கை.

"ப்ஹா...னு!"

அப்படி ஒரு 'பா'வை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அடிவயிற்றில் கிளம்பி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, குத்துவிளக்கில் இரண்டு திரியை அணைத்தது. மாமியார் கண் கலங்கிவிட்டது. தன் கொழுந்தன்மார்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார். குழந்தை கைகொட்டிச் சிரித்து, தானாக நடந்து வந்து ஏகாம்பரத்தின் மடியில் உட்கார்ந்தது.

தம்பிகள் மூவரும் மரியாதையோடு சுற்றிலும் பார்த்தார்கள்.

"பாவம்டா இந்த ஊர்க்காரங்க" என்றான் சின்னக்கண்ணு மெதுவாக. "ஒரு நாளைக்கு எத்தனை அடி வாங்கிப் பேசுறாங்களோ."

ஆசாரி ஊசியோடு வந்து குனிந்தார். "செவி சூபிஞ்சு" என்றார். காதைக் காட்டு என்று பொருள்.

செவி! அன்றைக்குக் காலையிலிருந்து ஏகாம்பரத்துக்கு முழுசாகப் புரிந்த முதல் தெலுங்குச் சொல் அது. புரிந்த சந்தோஷத்தில் சட்டென்று தன் காதைக் காட்டினார். பழக்கப்பட்ட கை, ஆசாரி குத்திவிட்டார்.

ஏகாம்பரம் அழவில்லை. அழுவதற்கு மூச்சு இல்லை.

மாமாவே அழவில்லை என்று பார்த்த குழந்தை, இரண்டு காதையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் குத்திக்கொண்டது.

புறப்படும்போது சம்பூர்ணம் அண்ணன் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். பையன் பிறந்தால் டில்லிபாபு என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்று அந்த 'டி'க்கு வழி எழுதியிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் சின்னக்கண்ணு அதைப் படித்தான். "நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொட வேண்டும்."

"மேலண்ணம்னா?"

"நமக்கு மேல இருக்கிற அண்ணன். மூத்தவர்."

"அண்ணனைன்னு எழுதாம அண்ணத்தைன்னு எழுதியிருக்கே?"

"மரியாதையா அண்ணாத்தைன்னு எழுத வந்திருக்கா. துணைக்கால் விட்டுப்போச்சு."

ஏகாம்பரம் யோசித்தார். ஒரு கை வயிற்றில் இருந்தது. ஒரு காதில் தங்கம் மின்னியது. பஸ்ஸுக்கு வெயிலில் நடந்து வந்த வியர்வை இன்னும் காயவில்லை. ஆனால் இன்னொரு பிள்ளை, இன்னொரு மடி.

"வரிசையா வாங்கடா. பஸ் வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்று கையை நீட்டினார்.

முதலில் முனிரத்தினம் குனிந்து, நுனிநாக்கால் அண்ணனின் முழங்கையைப் பக்தியோடு தொட்டான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றான்.

"வருதாடா?"

"வருதுண்ணே. ஆனா இந்தத் தெலுங்கு கொஞ்சம் உப்புக் கரிக்குது."