உச்சி திறந்த குல்லா

சிவகலை அம்மையின் ஆசிரமத்துக்குப் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. அம்மைக்கு நாற்பத்து நான்கு. தன்னைவிடச் சின்னவரிடம் சீடராக இருப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. அம்மையும் அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

அதற்கு முன் முப்பது வருடம், நீலகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. பெயர், வயது, என்ன தொந்தரவு. கேட்பார், எழுதுவார், ஜன்னல் வழியாக நீட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஆசிரமத்தில் இரண்டு வருடம் கழிந்தது. ஒருநாள் காலையில் அம்மை தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் போய் நின்று, வடக்கே போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டார். இப்போது என்ன அவசரம் என்றார் அம்மை.

“எனக்கென்று உலகத்தில் யாரும் இல்லை அம்மா. என்னை நினைக்கவும் ஆள் இல்லை. விடுவதற்கு எதுவும் மிச்சமில்லாதவன் போவதுதானே முறை?”

அம்மை இன்னொரு குச்சியை நட்டார். ஒரு வாரம் போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத்துக்குள் தபாலில் அவர் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. பழைய வேட்டித் துணியில் வைத்துத் தைத்திருந்தது. உள்ளே சாம்பல் நிறக் கம்பளியில் கையால் பின்னிய ஒரு குல்லா, காதுவரை இழுத்து மூடுகிற மாதிரி. கூடவே நோட்டுத்தாளில் சில வரிகள்.

“ஐயா, என் பேர் மாதம்மா. வீட்டுக்காரருக்கு மாத்திரைச் சீட்டு வாங்க மாசாமாசம் உங்க ஜன்னலுக்கு வருவேன். ஒன்பது வருசம் வந்தேன். இப்போ அவர் நல்லா இருக்கார். நீங்க இருக்கிற இடத்தை ஆஸ்பத்திரியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அங்கேயும் மலைதானே, குளிரும். போட்டுக்குங்க.”

அடியில் விலாசம் இருந்தது.

பொன்னுரங்கம் யோசித்து யோசித்துப் பார்த்தார். முகம் வரவில்லை. நீண்ட வரிசையும், ஜன்னலுக்குள் நீளும் கைகளும்தான் வந்தன. வேறு யாருக்கோ சேர வேண்டியது தவறித் தன்னிடம் வந்துவிட்டதுபோல் இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அம்மையிடம் எடுத்துப் போனார். சம்பளத்துக்குச் சீட்டு எழுதியதைத் தவிர அந்தப் பெண்ணுக்குத் தான் எதுவும் செய்யவில்லை என்றார்.

“உங்களுக்கு வேண்டாமா?”

“வேண்டாம் அம்மா.”

“அப்படியானால் பிரித்து நூலைக் கொடுங்கள். செடி கட்ட ஆகும்.”

பலாமரத்தடியில் உட்கார்ந்து, உச்சியில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நூல் சுலபமாக வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்றில், பிடிமானத்துக்காகக் குல்லாவுக்குள் கையை விட்டார். விரலில் மெத்தென்று ஏதோ பட்டது.

உள்பக்கத்தை வெளியே திருப்பினார். இடப்பக்கம், காதுக்குப் பின்னால் வருகிற இடத்தில் மட்டும் பின்னல் தளர்வாக, சின்னப் பைபோல் புடைத்திருந்தது. அதன் உள்ளே, துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைத் துணி ஒன்றைப் பொடித் தையலில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

அவர் கை தானாக இடக் காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு கொழுப்புக்கட்டி. இருபது வருடமாக இருக்கிறது. எந்தக் குல்லா போட்டாலும் அதில் உரசும். வேலை நாட்களில் குளிர் தாங்காமல் குல்லா போடுவார். எழுதிக்கொண்டே அந்தப் பக்கத்தை மேலே தள்ளிவிடுவார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு, குனிந்த தன் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போட்டுப் பார்த்தார். உரசவில்லை. உச்சி வழியாக மட்டும் காற்று உள்ளே வந்தது.

பிறகு பிரித்த நூலைத் திரும்பக் கோக்கப் பார்த்தார். கை வைக்க வைக்க, பின்னல் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி ஓட்டை பெரிதாயிற்று. பயந்துபோய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மிச்சமிருந்த கண்ணிகளை அதில் கோத்து நிறுத்தினார்.

சாயங்காலம் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அம்மையிடம் வந்தார். வடக்கைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

“இதைச் சரிசெய்ய வேண்டும் அம்மா. உங்களுக்குப் பின்னத் தெரியுமா?”

“தெரியாது.”

“இங்கே வேறு யாருக்காவது?”

“இங்கே யாருக்கும் தெரியாது. இதைப் பின்னியவருக்குத் தெரியும்.”

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “அவருக்கு நான் எப்படி எழுதுவேன்? முகம்கூட எனக்குத் தெரியாதே.”

“அதையும் எழுதுங்கள் ஐயா,” என்றார் அம்மை. “பிரித்துவிட்டேன், மூடத் தெரியவில்லை, உங்கள் முகமும் தெரியாது, ஒருதடவை வரட்டுமா என்று கேளுங்கள்.”